ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது திரை

முப்பது நாற்பது வயதான பாய்மரப் படகு ஒன்றை வாங்கிக் கடல் கடக்கக் கிளம்புகிறவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. லங்காவியிலோ புக்கெட்டிலோ படகைக் கொண்டுபோய்க் கட்டினால் போதும், பட்டியல் தானாக வந்து சேரும். பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றுங்கள். வரைபடம் காட்டும் திரை உள்ளே ஒன்று, சுக்கானருகே ஒன்று வேண்டும். ரேடார் இல்லாமல் இரவில் எப்படிப் போவீர்கள்? கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இல்லாமல் இந்தியப் பெருங்கடலா? நங்கூரச் சங்கிலியைக் கையால் இழுக்கிற காலமா இது? படகுதான் பழசு, அதிலிருக்கும் சாமான்களாவது புதிதாக இருக்கட்டும் என்பது இந்த அறிவுரைகளின் சாரம். விற்கிறவர் மட்டும் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். பத்திரிகைகள் சொல்கின்றன, காணொளிகள் காட்டுகின்றன, பக்கத்துப் படகுக்காரர் நல்ல மனதோடு சொல்கிறார். அதனால்தான் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

என் வாதம் இது: பழைய படகின் பாதுகாப்பு, ஏற்கெனவே அதில் இருப்பதைக் கழற்றிப் பார்ப்பதில் தொடங்குகிறது. வாங்கிச் சேர்ப்பது அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றுகிறவர் பணத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. படகை முன்பிருந்ததைவிட ஆபத்தானதாக ஆக்கிவிடுகிறார். ‘ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி’ என்று நம்மவர்கள் கேலி பேசினார்கள். இன்று மாலுமிகளின் இடத்தில் திரைகள் உட்கார்ந்திருக்கின்றன.

முதலில், பழைய படகு என்றாலே வரும் பயத்தை எடுத்துக்கொள்வோம். புதுக் கருவி வியாபாரம் அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது. 1979 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்துக்கருகே உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்தைப் பெரும்புயல் தாக்கியது. புறப்பட்டவை 303 படகுகள். பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் 15 பேர் உயிரிழந்தார்கள். 24 படகுகளை அவற்றின் ஆட்கள் கைவிட்டார்கள். அந்த 24-இல் மூழ்கியவை ஐந்துதான். மற்ற 19 படகுகளும் ஆளில்லாமல் அந்தக் கடலில் மிதந்து கிடந்து, பிறகு மீட்கப்பட்டன. உயிர்காக்கும் மிதவைக்குத் தாவியவர்களில் சிலர் இறந்தார்கள். அவர்கள் விட்டு வந்த படகு மிதந்தது. இன்று ‘பழைய படகு’ என்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி அந்தத் தலைமுறை ஃபைபர் கிளாஸ் படகுகள்தாம்.

அந்தப் புயலில் முறிந்தவை எவை? சுக்கான்கள். அதிலும் அன்றைய புதுமையான கார்பன் ஃபைபர் வைத்துச் செய்த சுக்கான்கள் பல முறிந்தன. சிறிய படகுகளுக்கான பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒரே ஒரு படகு: 32 அடி நீளமுள்ள காண்டெசா வகைப் படகான ‘அசென்ட்’. அதன் உரிமையாளர் பிற்காலத்தில் அதே படகை வடதுருவப் பனிக்கடல்வரை ஓட்டிச் சென்றார்.

1991 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் வந்த புயலையும் சேர்த்துக்கொள்ளலாம். வெஸ்ட்செயில் 32 வகைப் படகான ‘சட்டோரி’யில் இருந்த மூவரையும் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் மீட்டது. படகு கடலில் விடப்பட்டது. சில நாள் கழித்து அது மேரிலாந்து மாநிலக் கடற்கரை மணலில் பெரிய சேதமின்றி ஒதுங்கிக் கிடந்தது. பழுதுபார்த்தார்கள், மறுபடி பாய் விரித்தது.

ஆக, உடல் உறுதியான படகு வயதானதால் மட்டும் மூழ்குவதில்லை. ஃபைபர் கிளாஸ் உடலில் தண்ணீர் ஊறிக் கொப்புளம் கிளம்பும் நோயைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதைக் காட்டி விலையைக் குறைப்பவர்கள் உண்டு. அந்தக் கொப்புளத்தால் மூழ்கிய படகைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய படகை மூழ்கடிப்பது வேறு. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, விலையும் குறைவு, அதை வாங்கி மாட்டிப் படம் எடுத்துப் பெருமைப்பட முடியாது. அதனால்தான் அது எந்தப் பட்டியலிலும் முதலில் வருவதில்லை.

படகின் அடியில் துளைகள் இருக்கின்றன. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வர ஒன்று, கழிவறைக்கு இரண்டு, சமையல் தொட்டிக்கு ஒன்று என்று முப்பத்தைந்து அடிப் படகிலேயே ஏழெட்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, சீகாக் என்பார்கள். முந்தைய சொந்தக்காரர்களில் யாரோ ஒருவர் சிக்கனம் பார்த்து, வீட்டுக் குழாய்க்குப் போடும் பித்தளை வால்வை அங்கே போட்டிருப்பார். கடல்நீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும். செம்பு மட்டும் சல்லடையாக நிற்கும். வெளியே பச்சைக் களிம்பு, பார்க்கத் திடமாகத்தான் இருக்கும். பேனாக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் பளபளப்புக்குப் பதில் இளஞ்சிவப்பாகப் பொடி உதிர்ந்தால் அந்த உலோகம் செத்துவிட்டது. காலால் ஒரு உதை, அல்லது இறுகிப்போன கைப்பிடியை ஒரு நாள் பலமாகத் திருப்பினால், கழுத்தோடு கையில் வந்துவிடும்.

அப்படி வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலத் துளை. நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். பெட்டியின் மேல் மணிக்கு 2000 கேலன் என்று அச்சிட்ட மின்பம்பு, தண்ணீரைக் குழாய் வழியே மேலேற்றி வெளியே தள்ளும்போது அந்த அளவை எட்டாது. பேட்டரிகள் இருக்கும் மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் நின்றுபோகும். அந்த நேரத்தில் இரண்டு திரைகளும் உங்கள் படகு எந்த அட்சரேகையில் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும். அதற்கு மேல் அவற்றால் ஆவது எதுவுமில்லை. நல்ல வெண்கல வால்வும், அதன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கூம்பு மரக்கட்டையும் அந்தத் திரையின் விலையில் எத்தனையோ வாங்கலாம்.

அடுத்து, பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள். அவை கீழே வந்து சேருமிடத்தில் செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டை, மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிப் படகின் உடலோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியும் பகுதி வெள்ளிபோல் மின்னும். மேல்தளத்தின் தடிப்புக்குள் புதைந்திருக்கும் இரண்டங்குலம்தான் கவலைக்குரியது. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் மெல்லிய படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். பூச்சு விட்டுப்போன இடுக்கில் உப்புநீர் இறங்கித் தேங்கி நின்றால் அங்கே காற்றோட்டம் இருக்காது, படலம் போய்விடும், எஃகு உள்ளிருந்தே அரிக்கும். உள் அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மரத்தில் தேநீர் வழிந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் அந்தப் பட்டையைக் கழற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள். கழற்றிய பட்டையில், சரியாகத் தளத்தின் மட்டத்தில், நகக்கீறல் போன்ற ஒரு விரிசல் இருக்கக்கூடும். அந்தக் கீறலை நம்பித்தான் இத்தனை உயரப் பாய்மரம் நின்றுகொண்டிருந்தது.

கம்பிகளுக்கும் அதே கதைதான். கம்பியின் முனையை எஃகுக் குழலுக்குள் நுழைத்து அழுத்தி இறுக்கியிருப்பார்கள். கீழ் முனைக் குழலுக்குள் மழையும் உப்பும் இறங்கித் தேங்கும். பஞ்சை எடுத்துக் கம்பியைச் சுற்றி ஒரு தடவை துடையுங்கள். எங்காவது நூல் மாட்டினால் ஒரு இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு இழை அறுந்த கம்பியை அப்படியே மாற்றிவிட வேண்டும், பேச்சுக்கே இடமில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டைத் தாண்டிய கம்பிகள் என்றால் காப்பீட்டாளர்கள் பலரும் தயங்குவது காரணத்தோடுதான். ஒரு பொட்டலம் பஞ்சால் செய்யக்கூடிய இந்தச் சோதனையை விட்டுவிட்டு, அதே பாய்மரத்தின் மேல் கிலோ கணக்கில் ரேடாரை ஏற்றுகிறார்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய டீசல் எஞ்சின், அது பெர்க்கின்ஸோ யான்மாரோ, அவ்வளவு எளிதில் சாகாது. அதைக் கொல்வது அதற்குக் கொடுக்கும் டீசல். தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த சகதி, அமைதியான கடலில் அசையாமல் கிடக்கும். அலை தூக்கிப் போடும்போது கலங்கி எழுந்து ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் துறைமுக வாயில்தான் அலையும் அதிகம் இருக்கும். ஆகவே எஞ்சின் அங்கேதான் நிற்கும். எஞ்சினை மாற்று என்று சொல்பவர்கள் பலர். தொட்டியில் கை நுழையும் மூடி ஒன்றை வெட்டி வைத்துச் சுத்தம் செய் என்று சொல்பவரைத் தேட வேண்டியிருக்கிறது. புது எஞ்சினைப் போட்டுப் பழைய தொட்டியை அப்படியே விட்டால், புது எஞ்சினும் அதே துறைமுக வாயில் நிற்கும்.

இனி எதிர்த்தரப்பின் பெரிய வாதத்துக்கு வருவோம். புதியது நம்பகமானது, பழையது எப்போது வேண்டுமானாலும் கைவிடும் என்கிறார்கள். எவ்வளவு தூரம் உண்மை? நீர்மட்டத்துக்குக் கீழே போடும் உலோகப் பொருத்துகளுக்கு ஐரோப்பியப் படகுகளில் நெடுங்காலம் பொருந்திவந்த ஐஎஸ்ஓ 9093 தரவிதி, அரிப்பைத் தாங்கும் உலோகம் என்று ஒன்றை ஏற்க வைத்திருந்த வரம்பு ஐந்தாண்டு. ஐந்தாண்டு தாங்கினால் தேறிவிட்டது! அதன் தயவில் புத்தம்புதுப் படகுகளிலும் பித்தளைப் பொருத்துகள் ஏறின. நாற்பது வயதுப் படகில் இருக்கும் நல்ல வெண்கல வால்வைப் பிரித்துப் பசை தடவி மறுபடி மாட்டினால் இன்னும் இருபது ஆண்டு ஓடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளப்பான புதிய பித்தளையை மாட்டுவதற்குப் பெயர் மேம்பாடா?

லித்தியம் பேட்டரியைப் பாருங்கள். தனியாக எடுத்தால் அருமையான பொருள். ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். இதில் பெரும்பகுதியையும் எடுக்கலாம், எடையும் குறைவு. ஆனால் இதைப் பழைய எஞ்சினின் ஆல்டர்னேட்டரோடு நேரே இணைத்தால், இது கேட்கும் மின்சாரத்துக்கு முடிவே இருக்காது. ஈய பேட்டரி நிறைய நிறைய தானே வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசிவரை முழு வீச்சில் வாங்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று தொடர்பைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் வெடிக்கும். ஆகவே வெளி ரெகுலேட்டர், தகுந்த ஃபியூஸ், தடித்த கேபிள் எல்லாம் வேண்டும். அதற்குப் பிறகும், படகு கட்டும்போதே போட்ட வெறும் செம்புக் கம்பிகள் சுவருக்குப் பின்னால் இருக்கின்றன. முனையை வெட்டிப் பாருங்கள், உறைக்குள் முழநீளம் கருத்துப் போயிருக்கும். ஆயிரம் வாட் கருவி 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கருத்த கம்பியும் களிம்பேறிய முனையும் அதைத் தாங்காது, சூடேறும், ஃபைபர் கிளாஸுக்கும் மரத்துக்கும் நடுவே தீப்பிடிக்கும். பேட்டரியைப் புதிதாக்கியவர் படகுக்குள் தீயை வாங்கி வைத்திருக்கிறார்.

குடிநீர் இயந்திரத்தைப் பற்றியும் இப்படியே சொல்லலாம். சுமார் 55 மடங்கு காற்றழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வு வழியே பிழியும் பம்பு அது. கொஞ்ச நாள் ஓட்டாமல் வைத்தால் சவ்வில் உயிரினம் வளரும். மருந்து ஊற்றி மூடிவைக்க வேண்டும். கரையில் பிடித்த குளோரின் கலந்த குழாய் நீரால் கழுவினால் சவ்வு கெட்டுவிடும். இதற்கு மின்சாரம் போதவில்லை என்று சோலார் பலகை. பலகையை மாட்ட அமரத்தில் எஃகு வளைவு. அந்த எடையில் பின்பக்கம் தாழ்ந்து, படகு வடிவமைத்தவர் நினைத்த நீர்மட்டத்தில் மிதப்பதில்லை. ஒரு கருவி இன்னொன்றை இழுத்து வருகிறது. எல்லாமாகச் சேர்ந்து படகின் நடையைக் கெடுக்கின்றன. ஒவ்வொன்றும் வந்த நாளிலிருந்து பராமரிப்பைக் கேட்கிறது என்பதைப் பட்டியல் போடுபவர் யாரும் சொல்வதில்லை. ஏற்கெனவே இருக்கும் வேலையைச் செய்ய நேரமில்லாதவர் மேலும் பத்து வேலையை விலை கொடுத்து வாங்கி வருகிறார்.

திரையைப் பற்றி ஒரு சான்று போதும். 2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் வால்வோ பந்தயத்தில் இருந்த ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதியது. அந்தப் படகில் இல்லாத நவீனக் கருவியே இல்லை. ஓட்டியவர்கள் உலகின் முதல்தர மாலுமிகள். மின் வரைபடத்தை அவர்கள் பார்த்த அளவில், பல மைல் நீளமுள்ள அந்தத் திட்டு கண்ணில் படவில்லை. நெருக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திட்டு காகித வரைபடத்தில் இருந்தது, மின் வரைபடத்திலும் இருந்தது. திரை இருக்கிறது என்ற நிம்மதியில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டார்கள். பழைய படகில் புதுத் திரை செய்யும் கேடும் இதுதான்: எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பைக் கொடுக்கிறது.

இப்படிச் சொன்னவுடன் இன்னொரு கூட்டம் கைதட்டும். மின்சாரமே வேண்டாம், விளக்கெண்ணெயும் கயிறும் போதும், அந்தக் காலத்தில் அப்படித்தான் போனார்கள் என்பவர்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினே இல்லாமல் உலகைச் சுற்றிய லின், லாரி பார்டி தம்பதியரை இவர்கள் உதாரணம் காட்டுவார்கள். லாரி பார்டி தன் படகுகளைத் தன் கையாலேயே கட்டிய தச்சர். எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரின் எளிமை அது. செயின்பிளேட்டைக் கழற்றிப் பார்க்காதவர் ‘எளிமை’ என்று சொல்லிக்கொள்வது சோம்பல்தான்.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’யையும் இப்படித்தான் தப்பாகப் படிக்கிறார்கள். பம்பாயில் இந்தியத் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. 1968 ஜூன் 14 அன்று ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்டு, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பியது. தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் பயணம். அந்தப் பந்தயத்தில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. ‘பழைய பாணி ஜெயித்தது’ என்று இதைச் சொல்வார்கள். அந்தப் பயணத்தில் கெடாதது எது? ரேடியோ கெட்டது. குடிநீர்த் தொட்டி கெட்டு, மழைநீரைப் பிடித்துக் குடித்தார். படகைத் தானே செலுத்தும் கருவி பாதி வழியில் ஒழிந்தது. அடியில் பலகை இடுக்கு வழியே தண்ணீர் வந்தது. நடுக்கடலில் மூச்சடக்கி மூழ்கி, அந்த இடுக்கில் அவரே கலப்பத்து அடித்தார். நடுவில் வந்த சுறாவையும் சமாளித்தார். அவரைக் கரை சேர்த்தது கருவி கெடாதது அல்ல, கெட்டதைக் கையிலிருந்த சாமானால் சரிசெய்ய முடிந்தது. ஐம்பது ஆண்டு கழித்து 2018-இல் அதே படகு ஃபால்மவுத்துக்கு மறுபடி வந்தது.

அந்தப் பந்தயத்தின் நினைவாக இப்போது நடக்கும் கோல்டன் குளோப் பந்தயத்தில், 1988-க்கு முந்தைய வடிவமைப்பில் அமைந்த, 32 முதல் 36 அடிவரையுள்ள படகுகளுக்கு மட்டுமே இடம். ஜிபிஎஸ் பார்த்து வழி காணக் கூடாது. 2022-இல் புறப்பட்ட பதினாறு பேரில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூவர். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். இரண்டாவதாக வந்தவர் நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி. காற்றைப் பிடித்துப் படகைத் தானே திருப்பும் விண்ட்வேன் இந்தப் பந்தயத்தில் பலரை வீழ்த்தியது. முன்னணியில் போய்க்கொண்டிருந்தவரே அது உடைந்து சிலியில் ஒதுங்க வேண்டியிருந்தது. எளிய கருவியும் உடையும். ஆனால் அபிலாஷ் அதற்கான துடுப்பைப் படகிலிருந்த பலகையை அறுத்தே செய்து மாட்டிக்கொண்டு ஓடினார். சர்க்யூட் போர்டை எந்தப் பலகையிலிருந்தும் அறுக்க முடியாது.

‘அபிலாஷைப் பற்றிப் பேசுகிறீர்களே, 2018-இல் அவரைக் காப்பாற்றியது மின்னணுக் கருவிதானே?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஆண்டு நடந்த கோல்டன் குளோப் பந்தயத்தில், செப்டம்பரில், தென் இந்தியப் பெருங்கடலில் அவருடைய ‘துரியா’ புரண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு அவர் எழ முடியாமல் கிடந்தார். செயற்கைக்கோள் வழி அவர் அனுப்பிய செய்தியும், அபாய அறிவிப்புக் கருவியும் இல்லையென்றால், பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பலான ‘ஒசிரிஸ்’ அவரைக் கண்டுபிடித்திருக்காது. ஈபெர்ப் என்ற அந்த அபாய அறிவிப்புக் கருவியை வாங்காதே என்று சொல்பவனல்ல நான். பழைய படகோடு பழைய ஈபெர்ப் ஒன்று வந்திருந்தால் அதை ஒருபோதும் நம்பாதீர்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 406 மெகாஹெர்ட்ஸ் கருவிதான் வேண்டும். இது கட்டாயம் மாற்ற வேண்டிய சாமான்.

அதேபோல எல்இடி விளக்கு. பாய்மர உச்சியில் இரவு முழுவதும் எரியும் பழைய 25 வாட் பல்பு, பன்னிரண்டு மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி குடிக்கும். நூறு ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் எடுக்கக்கூடிய ஐம்பதில் பாதி அதற்கே போய்விடும். 3 வாட் எல்இடிக்கு மூன்றே போதும். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் விளக்கை மாற்றியவர் புத்திசாலி. கப்பல்களின் அடையாளத்தைக் காட்டும் ஏஐஎஸ் குறைந்த மின்சாரத்தில் நிறைந்த பயன் தருவது. நங்கூரம் எல்லாவற்றையும்விட முக்கியம். 1933-இல் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் வடிவமைத்த சிக்யூஆர் கலப்பை நங்கூரம் பழைய படகுகள் பலவற்றின் அணியத்தில் இன்னமும் தொங்குகிறது. அது நன்றாகத்தான் உழைத்தது. ஆனால் ரோக்னா, ஸ்பேட் போன்ற புதுத் தலைமுறை நங்கூரங்கள் மணலில் இறங்கிப் பிடிக்கும் வேகத்துக்கும் உறுதிக்கும் அது ஈடில்லை. கம்பியில்லை, மின்சாரமில்லை, மென்பொருளில்லை, இரவு நிம்மதியாகத் தூங்கலாம். பழைய படகுக்கு இதைவிடச் சிறந்த மேம்பாடு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பட்டியல்களில் புது நங்கூரத்துக்கு முன்னால் அதைத் தூக்கும் மின் விஞ்ச் வந்துவிடுகிறது.

ஆக, எதை ஏற்பது எதைத் தள்ளுவது என்பதற்குப் பழசா புதிதா என்பது அளவுகோல் ஆகாது. வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: நடுக்கடலில் இது நின்றுபோனால் நான் என்ன செய்வேன்? எல்இடி விளக்கு அணைந்தால் டார்ச் இருக்கிறது. ஏஐஎஸ் நின்றால் கண் இருக்கிறது. குடிநீர் இயந்திரம் நின்றால் தொட்டியில் கரை சேரும்வரை தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் இயந்திரம் வசதி, வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தை நம்பித் தொட்டியைச் சிறிதாக்கியிருந்தால் தாகத்தை நம்பிப் புறப்படுகிறீர்கள். மின்சுக்கான் நின்றால் கையால் சுக்கான் பிடித்து ஓட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அந்தக் கருவியை இன்று அணைத்து வைத்துவிட்டு ஒரு முழு இரவு ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வாதம் மிச்சம்: நவீனக் கருவிகள் இருந்தால் படகை விற்கும்போது நல்ல விலை போகும் என்பது. வாங்க வருபவர் அழைத்துவரும் சர்வேயர் திரையைத் தட்டிப் பார்க்க மாட்டார். சுத்தியலால் தளத்தைத் தட்டுவார். மந்தமான ஓசை வந்தால் உள்ளே பால்சா மரம் ஊறி அழுகியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். ஈரமானியை வைப்பார். சீகாக்கைத் திருப்பிப் பார்ப்பார். கம்பிகளை என்றைக்கு மாற்றினீர்கள், ரசீது எங்கே என்பார். நீங்கள் ஐந்தாண்டுக்கு முன் பெரும்பணம் கொடுத்து வாங்கிய திரைக்கு அன்று யாரும் காசு தரமாட்டார்கள், அதற்குப் புதிய வகை வந்திருக்கும். கழற்றிப் பார்த்ததற்கும் மாற்றியதற்கும் தேதியோடு எழுதிய குறிப்பேடு ஒன்றை நீட்டினால் பேரம் அங்கேயே தணியும்.

பருவக்காற்று மாறுவதற்கு முன் புறப்பட வேண்டும் என்ற அவசரத்தில்தான் பெரும்பாலோர் பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் இது. முதலில் படகைக் கரையேற்றுங்கள். ஒவ்வொரு சீகாக்கையும் கழற்றுங்கள். சுக்கானின் தண்டையும் அதைத் தாங்கும் புஷ்ஷையும் ஆட்டிப் பாருங்கள். செயின்பிளேட்டுகளை வெளியே எடுங்கள். கம்பிகளைப் பஞ்சால் துடையுங்கள். தொட்டியைத் திறந்து சகதியை அள்ளுங்கள். சுவருக்குப் பின்னால் இருக்கும் மின்கம்பிகளை இழுத்துப் பாருங்கள். பிறகு நல்ல நங்கூரம், 406 ஈபெர்ப், எல்இடி விளக்குகள். இவ்வளவையும் முடித்த பிறகும் கையில் பணம் மிஞ்சினால், தாராளமாகக் கடைக்குப் போய் உங்களுக்குப் பிடித்த திரையை வாங்குங்கள்.